வெளியேறிய தேதி

நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
நின்று நின்று போனது.
பஸ்ஸில் என் மடிமேல் ஜவுளிக்கடைக் கவர்:
ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், இ.எஸ்.ஐ. அட்டை,
இருபது ரூபாய் முத்திரைத் தாளில்
எனக்கு வேலை இல்லையென்று
நான் செய்த சத்தியம்.

வேலை இருந்த பதினோரு வருஷத்தில்
வேலை இருக்கிறதென்று
யாரும் சத்தியம் கேட்டதில்லை.

சாக்குக் கம்பெனி. எண்பத்து மூன்று பேர்.
வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை
மத்தியானச் சங்கு ஊதியது,
மறுபடி ஊதவில்லை.

வேலை போய் முப்பது நாள் கழித்துத்தான்
உதவித்தொகை கேட்க வேண்டுமாம்.
அந்த முப்பது நாள் என்ன தின்பது
என்பதற்கு மனுவில் கட்டம் இல்லை.
பிறகு தொண்ணூறு நாளைக்குப் பாதிக் கூலி.
ஆயுசுக்கு ஒரே தடவை,
அம்மை மாதிரி.

அதற்கு முன் பி.எஃப்.
கம்பெனியில் நான் உ. தையல்நாயகி,
உத்திராபதி பெண்டாட்டி.
ஆதாரில் ச. தையல்நாயகி,
சட்டநாதன் மகள்.
இங்கிலீஷில் நாயகிக்கு
ஒருத்தர் கே போட்டார், ஒருத்தர் ஜி.
பேரிலேயே தையல் இருந்தும்
இரண்டையும் சேர்த்துத் தைக்க முடியவில்லை.
மூன்று வாரம் ஆயிற்று
நான்தான் நான் என்று ஆவதற்கு.

ஆடி பிறந்து போனபோது
இ-சேவை ஜுனைதா
திரையை என் பக்கம் திருப்பினாள்.
"அக்கா, நீங்க இன்னும் வேலையிலதான் இருக்கீங்க."
வெளியேறிய தேதி காலி.
அதைக் கம்பெனிதான் போட வேண்டும்.

அப்படியென்றால்
பூட்டிய ஷெட்டுக்குள்
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்,
சாக்கின் வாயை மடித்து மடித்து,
காலடியில் பஞ்சும் நூலும் பறக்க.
வெளியே பஸ்ஸுக்குக் காசு எண்ணுகிறவள்
வேறு யாரோ.

மூணாறு தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டது.
லஸ்கர் ஷட்டரைத் திருகுகிறார்,
வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கோரையாற்றுக்கு இவ்வளவு,
பாமணிக்கு மிச்சம் என்று நோட்டில் எழுதுகிறார்.
கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க
அதிகாரிகள் ஜீப்பில் போகிறார்கள்.
என் பணம் எந்த ஷட்டரில் நிற்கிறது
என்று பார்க்கப் போகிற ஜீப்பை
நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்களுக்கெல்லாம் தேதி போட வேண்டியவர்
டைம் ஆபீஸ் ரகோத்தமன்.
எங்களை அனுப்பிய மறு வெள்ளிக்கிழமை
அவரையும் அனுப்பிவிட்டார்கள்.
அன்றைக்கு ஜுனைதா கடையில்
எனக்கு முன்னால் நின்றார்,
அதே ஜவுளிக்கடைக் கவரோடு.

"பாஸ்வேர்டை மாத்தியிருப்பாங்களே சார்?"
"மாத்தத் தெரிஞ்ச ஆள் நான்தானேம்மா."

ஜுனைதா எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.
கதவைப் பாதி சாத்தினாள்.
அவர் ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சொல்லி அடித்தார்,
மாசக் கடைசியில் கவர் கொடுக்கிற அதே குரல்.
ஞானசௌந்தரி. பக்கிரிசாமி. நூர்ஜஹான்.
காரணம் என்று ஒரு பட்டியல் விரிந்தது:
ஓய்வு, மரணம், ஊனம், பணி முடிவு.
துரத்தினார்கள் என்று ஒன்று இல்லை.
எண்பத்து மூன்று பணி முடிவு.
நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது.

கடைசியில் அவர் பேர்.
அம்புக்குறி மரணத்தின் மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு கீழே இறங்கியது.
தேதிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்,
பத்தொன்பது வருஷம்
எங்கள் தேதியெல்லாம் வைத்திருந்த மனுஷன்.
"எனக்குக் கடைசி நாள் என்னிக்கும்மா?"

எனக்கு எப்படித் தெரியும்?
நான் ஒரு வாரம் முன்பே
வெளியே வந்தவள்.

ஜுனைதா என் மனுவைத் திறந்துவிட்டாள்.
ஓடிபி உத்திராபதி போனுக்குப் போயிருக்கிறது.
அவர் கரூர் தாண்டி லாரியில்.
பத்து நிமிஷம் தருவார்கள்.

ரிங் போகிறது.